ஆக்ஸியம் 35கே கோதுமை சிப்: துரு எதிர்ப்பு மரபணுவைத் தேட எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கோதுமையில் துரு நோய் எதிர்ப்புக்கான மரபணு எந்தக் குரோமோசோமில், எந்தக் கையில் இருக்கிறது என்று தேடும் ஆய்வகங்கள் இன்று முதலில் விலை கேட்கும் பொருள் ஆக்ஸியம் வீட் பிரீடர்ஸ் அரே. ஆய்வக வழக்கில் 35கே சிப்: டிஎன்ஏ வரிசையின் ஆயிரக்கணக்கான ஓரெழுத்து வேறுபாடுகளை (எஸ்என்பி) ஒரே ஓட்டத்தில் படிக்கும் சிப். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவின் வடிவமைப்பு. தயாரித்தது அஃபிமெட்ரிக்ஸ், இப்போது தெர்மோ ஃபிஷர் கையில். இதற்கு முன் வந்த 820கே சிப்பில் இருந்த 8,19,571 எஸ்என்பிக்களில் நன்றாக வேலை செய்தவற்றைப் பொறுக்கி, 35,143 எஸ்என்பிக்களாக இறக்கியிருக்கிறார்கள். சிப்பின் குணங்களை விவரித்த ஆய்வுக்கட்டுரை 2017-இல் வந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரு பெற்றோர் கலப்பில் வந்த 150 முதல் 250 லைன்களை வைத்து முதல் வரைபடம் போட இது போதும், பல சமயம் போதுமானதற்கும் மேல். ஆனால் கோதுமைக்குள் இருக்கும் ஏ, பி, டி என்ற மூன்று ஜீனோம்களில் (மூதாதைப் புற்கள் தந்த குரோமோசோம் தொகுதிகளில்), ஏ, பி-யில் கூர்மையாக இருக்கும் பார்வை டி-யில் மங்குகிறது. ரை, ஏகிலோப்ஸ், தினோபைரம் போன்ற உறவினப் புற்களிலிருந்து வந்த துண்டுகளில் ஏறக்குறைய குருடாகிவிடுகிறது. துரு எதிர்ப்பைத் தேடுபவருக்கு இது சில்லறைக் குறை அல்ல, ஏனென்றால் புகழ்பெற்ற எதிர்ப்பு மரபணுக்களில் கணிசமானவை அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. பெயரில் எல்ஆர் என்றால் பழுப்புத் துரு எதிர்ப்பு, எஸ்ஆர் கருந்துரு, ஒய்ஆர் மஞ்சள் துரு: எல்ஆர்34 7டி குரோமோசோமின் குட்டைக் கையில், எல்ஆர்67 4டி-யின் நெட்டைக் கையில், எஸ்ஆர்24 3டி-யில் புகுந்த தினோபைரம் துண்டில், எஸ்ஆர்31 ரையின் 1ஆர் குட்டைக் கையில்.

முதலில் இலை. சிப்பைத் திட்டுவதற்கு முன் அனுப்பிய டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று வார நாற்றின் இளம் இலைதான் நல்லது. துருக் கொப்புளம் உள்ள இலையை எடுக்கவே கூடாது. பூஞ்சையின் டிஎன்ஏவும் சேர்ந்து அளவாகும், கருவியில் எண் அழகாகத் தெரியும், கோதுமையின் பங்கு மட்டும் குறைந்திருக்கும். சிடிஏபி என்ற டிஎன்ஏ பிரிப்பு முறையில் 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், 24:1 குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால், கடைசியில் ஆர்என்ஏவை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதி. இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஆர்என்ஏ மிச்சமிருந்தால் ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப் கருவி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அளவு காட்டும். டிஎன்ஏவை மட்டும் அளக்கும் க்யூபிட் கருவியில் அளந்தே செறிவைச் சமன் செய்யுங்கள். மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் செறிவில் 30 மைக்ரோலிட்டர் அனுப்பினால் ஒரு முறை தோற்று மறுபடி ஓட்டவும் மிச்சம் இருக்கும். தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-இலிருந்து 2.0-க்குள் இருப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். 260/230 விகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. பாலிசாக்கரைடு தங்கியிருப்பதைக் காட்டுவது அதுதான்.

அது ஏன் முக்கியம் என்பது சிப்பின் வேலை முறையிலேயே தெரியும். டிஎன்ஏ முழுவதும் 37 டிகிரியில் ஏறத்தாழ 23 மணி நேரம் பெருக்கப்படும், பிறகு நொதியால் 25 முதல் 125 பேஸ் நீளத் துண்டுகளாக வெட்டப்படும், அதன் பிறகு 48 டிகிரியில் ஒரு நாள் சிப்போடு ஒட்ட விடப்படும். கடைசியாக நிறம் ஏற்றி ஜீன்டைட்டன் கருவியில் படம் எடுப்பார்கள். முதல் படியின் நொதி அழுக்கு டிஎன்ஏவில் திணறினால் பின்னால் எந்தப் படியும் அதைச் சரிசெய்யாது. டிஷ் கியூசி எண் (மாதிரியின் ஒளிச் சமிக்ஞை எவ்வளவு தெளிவு என்று காட்டும் தர அளவு) 0.82-க்குக் கீழே விழும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

அனுப்பும் தட்டில் பெற்றோர் இருவரையும் இரண்டிரண்டு கிணறுகளில் வையுங்கள். எஃப்1 (கலப்பின் முதல் தலைமுறை) விதை கையிருப்பில் இருந்தால் அதையும் சேருங்கள், கலப்பு மரபுவகை (இரு பெற்றோரின் வடிவமும் ஒரே இடத்தில் ஒருங்கே இருப்பது) எங்கே விழும் என்று காட்ட வேறு நல்ல சாட்சி கிடையாது. மாதிரி எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. மென்பொருள் மாதிரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் மரபுவகை சொல்கிறது. 96-க்குக் குறைவாக அனுப்பினால் கூட்டம் உருவாகவே ஆள் போதாது. இருபது மாதிரி மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால், பழைய ஓட்டங்களின் கோதுமைத் தரவோடு சேர்த்துக் கூட்டம் பிரிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தரவு வந்தபின் ஆக்ஸியம் அனாலிசிஸ் சூட்டைத் திறந்தால் ஒவ்வொரு எஸ்என்பிக்கும் ஒரு படம். கிடைமட்டத்தில் இரு நிறங்களின் வேறுபாடு, செங்குத்தில் ஒளியின் வலிமை. ஆர்ஐஎல் லைன்கள் (ஒரு கலப்பிலிருந்து பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் நிலைப்படுத்தியவை) என்றால் இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், நடுவே நாலைந்து புள்ளிகள் இருக்க வேண்டும். ஆறாம் தலைமுறையான எஃப்6-இல் எதிர்பார்க்கும் கலப்பு மரபுவகை 3.1 சதவீதம், எஃப்7-இல் 1.6. ஒரு லைனில் இது 10 சதவீதத்தைத் தாண்டினால் அது மகரந்தக் கலப்பாகவோ விதைப் பையில் நடந்த கலப்படமாகவோதான் இருக்கும். அந்த லைனை எடுத்துவிடுவதே நல்லது.

கோதுமை ஆறு மடியக் குரோமோசோம் உடையது என்பதால் ஒரு தனிச் சிக்கல் வரும். ஒரே வரிசை ஏ, பி, டி மூன்றிலும் இருந்து, மாற்றம் ஒன்றில் மட்டும் இருந்தால், மற்ற இரண்டின் ஒளியும் சேர்ந்து கூட்டங்களை ஒரு பக்கம் தள்ளிவிடும். ஒரு கூட்டம் ஓரத்தில் சரியாக நிற்கும், மற்றது நடுவுக்கு நகர்ந்திருக்கும். மென்பொருள் அந்த இரண்டாவது கூட்டத்தைக் கலப்பு என்று முத்திரை குத்தி, அந்த எஸ்என்பியை 'நோ மைனர் ஹோம்' வகையில் போட்டுவிடும். பாதி லைன்கள் கலப்பு என்று சொல்லும் எஸ்என்பி ஆர்ஐஎல்-இல் இருக்கவே முடியாது. ஆகவே அந்த வகையை அப்படியே குப்பையில் கொட்டாமல் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்து, பெற்றோர் ஆளுக்கொன்றில் நின்றால், 'கலப்பு' என்பதை இரண்டாம் பெற்றோர் என்று திருத்திப் பயன்படுத்தலாம். இன்பிரெட் பெனால்டி என்ற அமைப்பை லைன்களின் தலைமுறைக்கு ஏற்பக் கொடுத்து ஓட்டினால் இந்தத் தொல்லையில் ஒரு பகுதி தானே தீரும். சேவை நிறுவனங்கள் அதைக் கேட்காமல் செய்வதில்லை.

இனி குருட்டுப் பகுதி. ஒரு பெற்றோரில் 1பி-யின் குட்டைக் கைக்குப் பதில் ரையின் கை இருக்கிறது என்று வையுங்கள். எஸ்ஆர்31, எல்ஆர்26, ஒய்ஆர்9 மூன்றும் ஒன்றாக வரும் அந்தப் புகழ்பெற்ற இடமாற்றம். இந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சிய பிபிடபிள்யூ343 ரகத்தில் இருப்பதும் அதுதான். உகாண்டாவில் தோன்றிய யூஜி99 கருந்துரு உலகைப் பயமுறுத்தியதும் எஸ்ஆர்31-ஐ உடைத்ததால்தான். சிப்பின் 1பிஎஸ் (1பி-யின் குட்டைக் கை) எஸ்என்பிக்கள் கோதுமை வரிசைக்காகச் செய்யப்பட்டவை. ரைக் கை உள்ள லைன்களில் ஒட்ட ஒன்றும் இல்லாமல், அவை படத்தில் நடுவே, வலிமை குறைந்து, கீழே தொங்கும். மென்பொருள் இதை ஓடிவி, அதாவது இலக்கு தப்பிய வகை என்று ஒதுக்குகிறது, அல்லது கலப்பு என்று தவறாகச் சொல்கிறது. அலட்சியமாக வடிகட்டினால் 1பிஎஸ் முழுவதும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். எதிர்ப்பு மரபணு அங்கேதான் இருந்தால், எந்தக் குரோமோசோமிலும் சேராத அனாதையாக நிற்கும்.

கீழே தொங்கும் கூட்டத்தை 'ரை உண்டு' என்றும், மேலே நிற்பதை 'இல்லை' என்றும் கையால் குறித்தால் நல்ல மார்க்கர்கள் (குரோமோசோமில் இடம் காட்டும் அடையாளங்கள்) கிடைக்கும். ஓடிவி காலர் என்ற துணை நிரல் இதில் உதவும். அதன் பிறகும் ஒரு எல்லை உண்டு. ரைக் கைக்கும் கோதுமைக் கைக்கும் இடையே குறுக்குமாற்றம் நடப்பதில்லை என்பதால் அத்தனை மார்க்கரும் ஒரே புள்ளியில் குவியும். அங்கே நுண் வரைபடம் போடுவேன் என்று திட்டம் எழுதுவது காசைக் கொட்டுவது. ஏகிலோப்ஸ் வென்ட்ரிகோசாவிலிருந்து 2ஏ-க்கு வந்த ஒய்ஆர்17 துண்டும், 7டி-யில் எல்ஆர்19, எஸ்ஆர்25 வந்த தினோபைரம் துண்டும் இதே ரகம். பெற்றோரின் வம்சாவளியில் இப்படி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, நூறு எஸ்என்பி கூடுதலாக வாங்குவதைவிட மேல்.

டி ஜீனோமில் கதை வேறு. அங்கே சிப்பில் குறை என்பதைவிட கோதுமையிலேயே வேறுபாடு குறைவு. 4டி-யில் ஒரு கைக்கு நாலைந்து மார்க்கர் மட்டும் கிடைத்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். ஒரே குரோமோசோம் மூன்று துண்டாகப் பிரிந்து வரும். 90கே ஐசெலக்ட் என்ற இன்னொரு சிப்பில் 81,587 எஸ்என்பி இருக்கிறதே, அதை வாங்கினால் தீருமா? பெரும்பாலும் தீராது, அங்கும் டி மெலிவுதான். டி-யில் எதிர்ப்பு இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் அந்தக் காசில் எஸ்எஸ்ஆர் (திரும்பத் திரும்ப வரும் குறுவரிசை) மார்க்கர் பத்து, அறிந்த மரபணுக்களுக்கான சோதனைகள் சில என்று நிரப்பிக்கொள்வது புத்தி.

உதாரணமாக எல்ஆர்34. சிப் ஓட்டுவதற்கு முன்பே பெற்றோர் இருவருக்கும் சிஎஸ்எல்வி34 மார்க்கரை ஓட்டிவிடுங்கள். அகரோஸ் ஜெல்லில் 150 பேஸ் இணையில் பட்டை வந்தால் எல்ஆர்34 இருக்க வாய்ப்பு, 229-இல் வந்தால் இல்லை. ஆனால் இது மரபணுவுக்குப் பக்கத்து மார்க்கர்தான், அபூர்வமாகப் பிரிந்துபோகும். உறுதிக்கு மரபணுவுக்குள்ளேயே, 11-ஆம் எக்ஸானில் மூன்று பேஸ் காணாமல் போயிருப்பதைப் பார்க்கும் சோதனை வேண்டும். இதைச் செய்யாமல் பெரிய ஓட்டம் ஓட்டி, 7டிஎஸ்-இல் 'புதிய' எதிர்ப்பு இடம் கண்டதாக வந்து நின்றவர்கள் குறைவில்லை.

சிப்பின் அடர்த்தி பற்றி ஒரு கணக்கு. 200 ஆர்ஐஎல் லைன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமார்கன் (மறுசேர்க்கையை வைத்து அளக்கும் தூர அலகு) இடைவெளியில் உள்ள இரு மார்க்கர்களுக்கு நடுவே மறுசேர்க்கை நடந்த லைன்கள் ஏறக்குறைய நான்கு. கால் சென்டிமார்கனுக்கு ஒன்று. அதைவிட நெருக்கமாக எத்தனை எஸ்என்பி இருந்தாலும் அவை ஒரே தொகுப்பில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோரிடையே வேறுபட்டு நிற்கும் சில ஆயிரம் எஸ்என்பிக்களில், தனித்தனி இடம் பிடிப்பவை நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரம் சொச்சம் வரைதான் இருக்கும். ஆகவே 35கே போதாது, 660கே வேண்டும் என்று கேட்பவரிடம் எத்தனை லைன் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். குரோமோசோமின் முனைப்பக்கம் ஒரு சென்டிமார்கன் என்பது ஒரு மெகாபேஸுக்கும் (பத்து லட்சம் பேஸ்) குறையலாம். சென்ட்ரோமியர் பக்கம் அதே ஒரு சென்டிமார்கன் பல பத்து மெகாபேஸ்.

நோய் மதிப்பீட்டுக்கு வருவோம், ஏனென்றால் சிப் மீது வரும் புகார்களில் பாதி இங்கே பிறந்தவை. அதே 200 லைன்களில் நான்கே நான்கு லைனின் எதிர்ப்பைத் தவறாகக் குறித்தால், மரபணு அக்கம்பக்கத்து இரண்டு மார்க்கர்களிடமிருந்தும் ஏறத்தாழ ஒரு சென்டிமார்கன் விலகி நிற்கும். எந்தச் சிப்பும் இதைத் திருத்தாது.

நாற்றுப் பருவச் சோதனையில் ஏழு, எட்டு நாள் நாற்றில் தனி ரேஸ் (துருப் பூஞ்சையின் உட்பிரிவு) ஒன்றைத் தூவ வேண்டும், வயலில் கிடைத்த கலவையை அல்ல. இந்தியாவில் ரேஸ்களை வகைப்படுத்தி வைத்திருப்பது சிம்லாவின் பிளவர்டேல் நிலையம். மஞ்சள் துருவுக்கு 10 டிகிரி ஈர இருட்டு, பிறகு 16 டிகிரி அளவு. பழுப்புத் துருவுக்கு 20 முதல் 22. கருந்துருவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு. 14 முதல் 16 நாளில் 0 முதல் 4 வரையான அளவில் மதிப்பிடலாம். 2+ வரை எதிர்ப்பு, 3 முதல் நோய்வயப்படல் என்பது வழக்கம். எல்லைக் கோட்டில் நிற்கும் லைன்களை மறுபடி விதைத்துப் பாருங்கள். எதிர்ப்பு, நோய்வயப்படல் லைன்களின் 1:1 விகிதத்தைச் சோதிக்கும் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் மதிப்பு 3.84-ஐத் தாண்டினால், இரண்டு மரபணு இருக்கலாம், அல்லது எஸ்ஆர்36 போலத் தனக்குச் சாதகமாகப் பரவும் அயல் துண்டு இருக்கலாம்.

எல்ஆர்34, எல்ஆர்46, எஸ்ஆர்2 போன்றவை முதிர்ந்த செடியில்தான் முகம் காட்டும். நாற்றுச் சோதனையோடு நிறுத்தினால் இவை கண்ணில் படாது. வயலில் இருபது வரிசைக்கு ஒன்றாக ஆக்ரா லோக்கல் போன்ற, எல்லாத் துருவுக்கும் இடம் கொடுக்கும் ரகத்தைப் பரப்பியாக நடுவார்கள். மாலையில், சில துளி ட்வீன் 20 கலந்த நீரில் வித்துகளைத் தெளிப்பார்கள். அந்தப் பரப்பி வரிசைகள் 80எஸ் (80 சதவீதத் துரு, முழு நோய்வயப்படல்) எட்டிய பிறகு எடுக்கும் மதிப்பீடுதான் மதிப்பீடு. அதற்கு முன் எடுத்தால் தப்பித்த செடிக்கும் எதிர்த்த செடிக்கும் வித்தியாசம் தெரியாது. துருவின் சதவீதத்தையும் செடியின் எதிர்வினையையும் சேர்த்துக் குறிக்கும் கோப் அளவில் (எம்எஸ் ஓரளவு நோய்வயப்படல், எம்ஆர் ஓரளவு எதிர்ப்பு) 40எம்எஸ் என்றால் 40-ஐ 0.8-ஆல் பெருக்கி 32, 20எம்ஆர் என்றால் 0.4-ஆல் பெருக்கி 8. பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை எடுத்தால் நோய் வளர்கோட்டுக்குக் கீழுள்ள பரப்பும் கணக்கிடலாம். கதிர் வரும் நாளையும் குறித்துவையுங்கள். தாமதமாகக் கதிர் விடும் லைன்கள் எதிர்ப்பு உள்ளவைபோலத் தோன்றி, பூப்புக்கால மரபணுவையே துரு மரபணு என்று காட்டிவிடும்.

இடம் தேர்வதில் நீலகிரிக்குத் தனி மதிப்பு உண்டு. குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. அந்த மலையில் கோதுமை ஆண்டு முழுவதும் வளரும், கருந்துருவும் பழுப்புத் துருவும் கூடவே வாழும். நீலகிரி, பழனி மலைகளிலிருந்து கிளம்பும் வித்துகள்தான் மத்திய இந்தியக் கோதுமையைத் தாக்குகின்றன என்பது பழைய, உறுதியான அறிவு. இயற்கைத் தாக்குதலே பலமாக இருக்கும் இடம் என்பதால் முதிர்செடி எதிர்ப்புக்கு நம்பகமான தளம். மஞ்சள் துருவுக்கு வடமேற்குச் சமவெளிக்கும் இமாலய அடிவாரத்துக்கும் போக வேண்டும்.

வரைபடம் கட்ட க்யூடிஎல் ஐசிஐ மேப்பிங் என்ற மென்பொருள் இலவசம், விண்டோசில் ஓடும். அதில் தர வேண்டிய குறியீடு: முதல் பெற்றோர் 2, இரண்டாம் பெற்றோர் 0, கலப்பு 1, விடுபட்டது -1. 'பின்' (BIN) என்ற கட்டளையில் ஒரே மாதிரியான மார்க்கர்களை முதலில் சுருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி திணறும், வரைபடம் தேவையில்லாமல் நீளும். ஒரு குரோமோசோம் 400 சென்டிமார்கன் தாண்டி வந்தால் அது மரபுவகைப் பிழை. இரட்டைக் குறுக்குமாற்றம் அதிகம் காட்டும் மார்க்கர்களைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். எல்ஓடி (இணைப்புக்கான சான்றின் வலிமை) வரம்புக்கு 3 என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காமல் தரவைக் கலைத்துப் போட்டுக் கணக்கிடும் பெர்முட்டேஷனை 1,000 தடவை ஓட்டுங்கள். பட்டியலில் ஏஎக்ஸ்-94 என்றும் ஏஎக்ஸ்-95 என்றும் தொடங்கும் எஸ்என்பிக்களின் பழைய குரோமோசோம் இடத்தை அப்படியே நம்பாமல், வரிசையை எடுத்து 2018-இல் வந்த சைனீஸ் ஸ்பிரிங் ஜீனோம் வரிசையிலோ அதன் பின்வந்த 2.1 பதிப்பிலோ பிளாஸ்ட் (வரிசை ஒப்பீடு) செய்து பாருங்கள். குரோமோசோம் மாறி நிற்பவை அங்கங்கே அகப்படும்.

இடம் தெரிந்தபின் சிப்பின் வேலை முடிந்தது. அடுத்தது காஸ்ப், அதாவது ஒரு எஸ்என்பியை மட்டும் தனியாகச் சோதிக்கும் பிசிஆர் முறை. பக்கத்து எஸ்என்பிக்களின் வரிசையை பாலிமார்க்கர் என்ற இலவச இணையக் கருவியில் போட்டால் பிரைமர் தரும். பொதுப் பிரைமர் ஒரே ஜீனோமுக்கு உரியது என்று அது சொன்னால் மட்டும் வாங்குங்கள். மூன்றுக்கும் பொதுவானது என்றால் கூட்டங்கள் ஒட்டிக்கொண்டு வரும். கலவை: 100 மைக்ரோமோலார் பிரைமரில் அலீல் பிரைமர்கள் 12, 12 மைக்ரோலிட்டர், பொதுப் பிரைமர் 30, நீர் 46. தொண்ணூற்றாறு கிணற்றுத் தட்டில் 5 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 5 மாஸ்டர் மிக்ஸ், 0.14 பிரைமர் கலவை. 94 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 61-இலிருந்து சுற்றுக்கு 0.6 குறைந்து 55 வரை 10 சுற்று, பிறகு 55-இல் 26 சுற்று. படிப்பதற்கு முன் தட்டு 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் படித்தால் புள்ளிகள் பஞ்சாய்ப் பறக்கும். கூட்டம் பிரியாமல் நெருங்கி இருந்தால் தட்டை எறிய வேண்டாம். 57 டிகிரியில் மூன்று சுற்று கூடுதலாகக் கொடுத்து மறுபடி படியுங்கள், பெரும்பாலும் பிரிந்துவிடும். டிஎன்ஏ இல்லாத கிணறுகள் இரண்டு இல்லாத தட்டை ஓட்டாதீர்கள். அவையே நிறம் காட்டினால் பிரைமர்கள் தமக்குள் ஒட்டுகின்றன என்று பொருள்.

காசு குறைவு, கேள்வி ஒரே மரபணு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. உறுதியான பத்து எதிர்ப்பு லைன், பத்து நோய்வயப்படும் லைன் ஆகியவற்றின் டிஎன்ஏவைச் சம அளவில் இரண்டு கலவையாக்கி, பெற்றோரோடு சேர்த்து நான்கு மாதிரியாக, பழைய தரவோடு சேர்த்துக் கூட்டம் பிரிக்கச் சொல்லி, இரண்டிரண்டு தடவை சிப்பில் ஓட்டுங்கள். இரு கலவையும் பெற்றோரைப் போலவே பிரியும் எஸ்என்பிக்கள் ஒரு குரோமோசோமில் குவிந்தால், மீதி லைன்கள் அனைத்துக்கும் காஸ்ப் மட்டும் போதும். பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தரும் மெதுத்துரு எதிர்ப்புக்கு இது ஒத்துவராது.

சிப் இல்லாமல் டிஎன்ஏவை வரிசைப்படுத்தியே மரபுவகை காணும் ஜிபிஎஸ் (GBS) முறை மாதிரிக்குக் குறைந்த செலவில் முடியும் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் விடுபட்ட தரவு ஏராளம், கணினியில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத ஆய்வகத்துக்கு 35கே நிம்மதி.

விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் மூன்று வரி சேர்த்துவிடுங்கள். மரபுவகை அட்டவணையோடு செல் (CEL) கோப்புகளும், அதாவது கருவி பதிந்த மூல ஒளித் தரவும், வேண்டும். நோ மைனர் ஹோம், ஓடிவி வகைகளையும் நீக்காமல் தர வேண்டும். டிஷ் கியூசியில் தவறிய மாதிரிக்கு மறு ஓட்டம் யார் செலவு என்று எழுத்தில் வேண்டும். செல் கோப்பு கையில் இல்லாவிட்டால் மேலே சொன்ன 1பிஎஸ் மீட்பு வேலை எதையும் பிறகு செய்ய முடியாது. எக்செல் அட்டவணை மட்டும் தரும் சேவைக்குக் காசு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.